டெட் குரூஸ் அதிபர் தேர்தல் போட்டியில் இறங்கிவிட்டார். என் மகன் தொண்டனாகச் சேரப்போகிறேன் என்கிறான். விடலாமா?

ஆங்கெனி அப்பா | 2015 மார்ச் 25

அனைவருக்கும் வணக்கம். அயோவாவில், டெ மாய்னுக்கு வடக்கே ஆங்கெனியில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறோம். நானும் மனைவியும் சென்ற ஆண்டுதான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றோம். மகன் நியூ ஜெர்சியில் பிறந்தவன், பதினாறு வயது. வருகிற ஆண்டு ஆகஸ்டில் பதினெட்டு முடிகிறது.

திங்கட்கிழமை வர்ஜீனியாவில், லிஞ்ச்பர்க் ஊரின் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ் தம் போட்டியை அறிவித்துப் பேசியதைப் பள்ளியிலிருந்து வந்ததும் போட்டுப் பார்த்தான். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான். கையில் தாள் இல்லை, எதிரே எழுத்துத் திரை இல்லை, நாலு பக்கமும் மாணவர்கள் உட்கார்ந்திருக்க நடுமேடையில் நடந்துகொண்டே பேசினார். கியூபாவிலிருந்து ஏறக்குறைய வெறுங்கையோடு வந்த தந்தையைப் பற்றிச் சொன்ன இடத்தில் இவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இரவு சாப்பிடும்போது, "அப்பா, இவருக்காக நான் வேலை செய்யப்போகிறேன்" என்றான்.

என் மனம் ஒரு நிலையில் இல்லை. அந்த மண்டபத்தில் இருந்த ஏறத்தாழப் பத்தாயிரம் மாணவர்களும் விரும்பி வந்தவர்கள் இல்லை, அந்தக் கூட்டத்திற்கு வருவது அங்கே கட்டாயம் என்று படித்தேன். போட்டியிட நினைக்கும் இன்னொரு செனட்டர் ரேண்ட் பாலின் பெயர் போட்ட சிவப்புச் சட்டையோடு சிலர் முன்வரிசைகளிலேயே உட்கார்ந்திருந்தார்களாம். பிறகு, குரூஸ் கனடாவில் கால்கரி நகரில் பிறந்தவர். அவர் எப்படி அதிபராக முடியும்? அயோவா காகஸ் (கட்சியின் அதிபர் வேட்பாளராக யார் வேண்டும் என்று கட்சிக்காரர்கள் ஊர்தோறும் கூடி வாக்களிக்கும் கூட்டம்) அடுத்த ஆண்டு பிப்ரவரி 1 அன்றுதான். பத்து மாதம் முன்னதாக, மற்ற எல்லோருக்கும் முந்தி ஏன் அறிவிக்க வேண்டும்? பதினாறு வயதுப் பையனை ஓர் அரசியல்வாதிக்குப் பின்னால் அனுப்புவது சரியா?

நான் காகஸுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. போனவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

டாலஸ் வழக்கறிஞர் | மார்ச் 25

பிறப்பைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அதிபராவதற்கு "பிறப்பால் குடிமகன்" ஆக இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. அந்தச் சொல்லுக்கு விளக்கம் அதிலேயே இல்லை. உச்ச நீதிமன்றமும் ஓர் அதிபர் வேட்பாளரை முன்னிட்டு இதுவரை தீர்ப்புச் சொன்னதில்லை. ஆனால் 1790ஆம் ஆண்டு, அரசியலமைப்பை எழுதிய தலைமுறையே இயற்றிய குடியுரிமைச் சட்டம், கடல் கடந்து பிறந்தாலும் குடிமக்களின் குழந்தைகள் பிறப்பால் குடிமக்களே என்றது. குரூஸின் தாய் டெலவேரில் பிறந்த அமெரிக்கர். ஆகவே குரூஸ் பிறந்த கணத்திலேயே குடிமகன். உங்களையும் என்னையும் போலப் பின்னால் விண்ணப்பித்துப் பெற்றவர் அல்லர். கனடாக் குடியுரிமையையும் சென்ற ஆண்டு முறைப்படி விட்டுவிட்டார்.

இந்த மாதம்தான் பால் கிளெமென்ட், நீல் காட்யால் இருவரும் சேர்ந்து ஹார்வர்டின் சட்ட இதழில் இதே கருத்தை எழுதியிருக்கிறார்கள். ஒருவர் புஷ் அரசுக்கும் மற்றவர் ஒபாமா அரசுக்கும் உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர்கள். எதிரெதிர்ப் பக்கத்தினர் ஒரே முடிவுக்கு வந்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். மெக்கெயின் பனாமாக் கால்வாய்ப் பகுதியில் பிறந்தவர், ஜார்ஜ் ராம்னி மெக்சிகோவில் பிறந்தவர். முன்னவர் 2008இலும் பின்னவர் 1968இலும் அதிபர் வேட்பாளராக நின்றார்கள்.

யாராவது வழக்குப் போடுவார்கள். மகன் அதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

---

ஏம்ஸ் அக்கா | மார்ச் 26

தம்பி, நான் ஏம்ஸில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குடியரசுக் கட்சியில் பதிவு செய்தவள், பழமைவாதி என்று என்னைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. 2008, 2012 இரண்டு காகஸுக்கும் போனேன். இரண்டாவது முறை எங்கள் வட்டத்தில் (ஒரு காகஸ் கூட்டத்துக்கான பகுதி) சீட்டு எண்ணிய மூவரில் நானும் ஒருத்தி. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அறிவிப்பு நாளை வைத்து யாரையும் எடை போடாதீர்கள். ஒரு வேட்பாளருக்கு அதைவிட எளிதான நாள் வராது. ஊர், மண்டபம், தேதி எல்லாம் அவரே பார்த்து வைத்தவை. லிபர்ட்டி பல்கலைக்கழகம் பாப்டிஸ்ட் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் 1971இல் தொடங்கியது. டெக்சாஸ் செனட்டர் தம் ஊரை விட்டுவிட்டு அங்கே போனதற்கு, எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களிடம் முதலில் பேச வேண்டும் என்பதே காரணம். மார்ச் 23 என்பது ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் கையெழுத்தான நாளின் ஐந்தாம் ஆண்டு. எல்லாம் நன்றாகத் திட்டமிட்டது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்க யாருக்கும் வாய்ப்பு இல்லை.

உங்கள் மகனை இதற்கு முந்தைய ஒரு பேச்சைப் பார்க்கச் சொல்லுங்கள். இதே மார்ச் 7ஆம் தேதி டெ மாய்னில் விவசாய மாநாடு நடந்தது. போட்டியிட நினைக்கும் பலரும் வந்திருந்தார்கள். சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனாலைப் பெட்ரோலில் கலந்தே ஆக வேண்டும் என்ற அரசு உத்தரவு நம் மாநிலத்தில் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்த மேடையில், அந்த விவசாயிகள் முன்னிலையில், அந்த உத்தரவு வேண்டாம் என்று குரூஸ் சொன்னார். எனக்கு அவரிடம் பிடிக்காதவை உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் அயோவாவுக்கே வந்து அயோவா கேட்க விரும்பாததைச் சொன்னார் பாருங்கள், அந்தப் பத்து நிமிடம் எனக்கு லிஞ்ச்பர்க் பேச்சு முழுவதையும் விடப் பெரிது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மிஷல் பாக்மன் 2011 ஜூனில் அறிவித்தார். அயோவாவின் வாட்டர்லூவில் பிறந்தவர், பிறந்த ஊரிலேயே அறிவித்தார். ஊரே மகிழ்ந்தது. ஆகஸ்டில் எங்கள் ஏம்ஸில் நடந்த மாதிரி வாக்கெடுப்பில் முதலிடம். நானே போய்ப் பார்த்தேன். கூடாரங்கள், பாட்டு, நீண்ட வரிசை. ஜனவரியில் காகஸ் முடிந்தபோது ஆறாம் இடம். மறுநாளே விலகிவிட்டார்.

அதே மாதிரி வாக்கெடுப்பில் நான்காவதாக வந்த ரிக் சாண்டோரத்தின் கூடாரத்தை யாரும் அதிகம் கவனிக்கவில்லை. அவர் பென்சில்வேனியாவில் சோமர்செட் என்ற சிறு ஊரில், தம் தாத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த பகுதியில் அறிவித்தவர். பணம் இல்லை, ஆள் இல்லை. ஆனால் மாநிலத்தின் உட்பிரிவுகளான 99 கவுண்டிகளுக்கும் போனார், பெரும்பாலும் ஒரு பிக்கப் வண்டியில். அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் அவரைக் கேட்கப் போனேன். இருபது பேர்கூட இல்லை. காப்பி ஆறிப்போகிற அளவுக்கு ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னார். ஒரு முதியவர் அவருடன் ஒத்துப்போகாமல் வாதிட்டார். வண்டி புறப்பட நேரமாகிவிட்டது என்று உதவியாளர் கடிகாரத்தைக் காட்டிய பிறகும் அவரை விட்டு நகரவில்லை. நான் அன்று முடிவு செய்தேன்.

இப்போது காகஸ் இரவைச் சொல்கிறேன், உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

2012 ஜனவரி 3, இரவு ஏழு மணி. ஒரு பள்ளியின் சாப்பாட்டுக்கூடம். மடக்கு நாற்காலிகள் போதாமல் சுவரோரம் நின்றார்கள். வாசலில் பெயரைச் சரிபார்த்தார்கள். கட்சியில் பதிவு செய்யாதவர்கள் அங்கேயே பதிவு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் அக்கம்பக்கத்தவர் ஒருவர் எழுந்து சில நிமிடம் பேசினார். பிறகு வெற்றுச் சீட்டு கொடுத்தோம். அச்சிட்ட பெயர் கிடையாது, நாமே எழுத வேண்டும். சாண்டோரத்தின் பெயரை ஏழெட்டு விதமாக எழுதியிருந்தார்கள். ஒரு சீட்டில் "ரிக்" என்று மட்டும் இருந்தது. ரிக் பெரியும் போட்டியில் இருந்ததால் அதை வைத்துக்கொண்டு மூவரும் சற்று நேரம் பேச வேண்டியிருந்தது. பத்துப் பத்தாகச் சேர்த்துக் கிளிப் போட்டோம். ஒவ்வொரு வேட்பாளர் சார்பிலும் ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். எண்ணிக்கையைச் சத்தமாகப் படித்தோம், படிவம் ஈ என்ற தாளில் எழுதிக் கையெழுத்திட்டோம்.

அன்றிரவு மாநிலம் முழுவதும் எண்ணி முடித்தபோது மிட் ராம்னி (ஜார்ஜ் ராம்னியின் மகன்) எட்டு வாக்கில் முன்னிலை என்றார்கள். ராம்னி 30,015, சாண்டோரம் 30,007. இரண்டு வாரம் கழித்து அந்தப் படிவங்களைச் சரிபார்த்துச் சான்றளித்தபோது சாண்டோரம் 34 வாக்கில் முன்னே இருந்தார். 29,839, எதிர்ப்பக்கம் 29,805. எட்டு வட்டங்களின் படிவங்கள் கடைசிவரை வந்து சேரவில்லை. அதற்குள் நியூ ஹாம்ப்ஷயர் முடிந்து, ராம்னி இரண்டு மாநிலத்திலும் வென்றவர் என்ற பெயரோடு போய்விட்டார். வாழ்நாள் முழுவதும் கணக்குப் பார்த்தவள் நான். கையெழுத்திட்ட ஒரு தாள் ஓர் அலமாரியிலோ ஒரு காரின் பின்னிருக்கையிலோ கிடந்துபோவதால் ஒரு மனிதரின் உழைப்பு இப்படித் திசைமாறும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று அந்தக் கூடத்திலேயே நடந்தது. முடிவைப் படித்தவுடன் ஜனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஜனவரி குளிர், குழந்தைகள் தூங்கிவிட்டன, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கூட்டம் முடியவில்லை. கவுண்டி மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியது பாக்கி. மிச்சமிருந்தவர்கள் பதினைந்து பேர் இருக்கலாம். அதில் பாதிக்கு மேல் ரான் பாலின் (ரேண்ட் பாலின் தந்தை) ஆதரவாளர்கள், பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். கை தூக்கினார்கள், தேர்வானார்கள். மார்ச்சில் கவுண்டி மாநாட்டுக்கு வந்தார்கள், அடுத்து காங்கிரஸ் தொகுதி மாநாட்டுக்கும் ஜூனில் மாநில மாநாட்டுக்கும் போனார்கள். முடிவு என்ன தெரியுமா? காகஸில் ரான் பால் மூன்றாம் இடம். ஆகஸ்டில் டாம்பாவில், கட்சியின் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேசிய மாநாடு கூடியபோது, அயோவாவின் 28 பிரதிநிதிகளில் 22 பேர் அவர் பெயரைச் சொன்னார்கள். வென்ற சாண்டோரத்திற்கு ஒருவர்கூட இல்லை.

நானும் அன்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவள்தான். எண்ணிக்கையில் கையெழுத்திட்டால் என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். சாண்டோரத்திற்கு வாக்களித்த எங்கள் வட்டத்தார் அத்தனை பேரும் அப்படியே நினைத்தோம்.

இந்தமுறை கட்சி விதியை மாற்றியிருக்கிறது. காகஸில் கிடைத்த வாக்கு விகிதப்படியே பிரதிநிதிகள் முதல் சுற்றில் வாக்களிக்க வேண்டும். நல்ல மாற்றம். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்காரும் ஆள் யார் என்பதை இன்னும் கடைசிவரை இருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் இரண்டாம் சுற்று வந்தால் அந்த ஆள் தன் விருப்பப்படி வாக்களிக்கலாம். கட்சியின் கொள்கை அறிக்கையும் விதிகளும் அவர்கள் கையில்தான்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் அறிவித்தார் என்று கேட்டிருந்தீர்கள். 2012இல் எங்களைப் போன்றவர்களின் வாக்கு சாண்டோரம், கிங்ரிச், பெரி, பாக்மன் என்று நான்காகச் சிதறியது. சாண்டோரம் பின்னால் சேர்த்துக்கொண்டு ஓடினார், அதற்குள் நேரம் போய்விட்டது. இந்த ஆண்டு ஹக்கபி வருவார் போலிருக்கிறது, சாண்டோரம் மறுபடி வரலாம், ஜிண்டாலும் யோசிக்கிறார். எல்லோரும் ஒரே தேவாலயங்களின் கதவைத் தட்டப்போகிறார்கள். முதலில் வந்தவர் முதலில் ஆள் சேர்க்கலாம். பணமும் அப்படித்தான். இந்தத் தேர்தலில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு முதன்மைச் சுற்றுக்கு 2,700 டாலருக்கு மேல் கொடுக்க முடியாது. ஆகவே கொடுக்கும் கைகள் நிறைய வேண்டும், அவற்றைத் தேட மாதங்கள் வேண்டும்.

மகனை விடலாமா என்றால், விடுங்கள். பதினேழு வயதில் அவனே காகஸில் வாக்களிக்கலாம். நவம்பர் பொதுத்தேர்தலுக்குள் பதினெட்டு முடிகிறவர்களுக்கு இங்கே அனுமதி உண்டு. ஆனால் கூட்டத்தில் கொடி பிடிக்க மட்டும் அனுப்பாதீர்கள். தொலைபேசியில் அழைக்கும் வேலை, கதவு தட்டும் வேலை கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். யாராவது முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்கள். சாத்தட்டும்.

---

ராலே பெரியவர் | மார்ச் 26

அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். மார்ச் 23 என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. நான் இருக்கும் வட கரோலைனாவில் 1976 மார்ச் 23 அன்றுதான், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தலில், ரீகன் அப்போதைய அதிபர் ஃபோர்டை வென்றார். அதற்கு முன் நியூ ஹாம்ப்ஷயர், ஃபுளோரிடா, இல்லினாய் எல்லாவற்றிலும் தோற்று, கையில் பணம் இல்லாமல், விலகிவிடுங்கள் என்று கட்சிக்காரர்களே சொல்லிக்கொண்டிருந்த நேரம். செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸின் ஆட்கள் மாநிலம் முழுவதும் வேலை செய்து கரையேற்றினார்கள். கான்சாஸ் சிட்டி மாநாட்டில் ஃபோர்டு 1,187, ரீகன் 1,070. தோல்விதான். நான்கு ஆண்டு கழித்து ரீகன் அதிபர் தேர்தலில் வென்றபோது அதே ஆட்கள் அதே கவுண்டிகளில் இருந்தார்கள்.

ஆனால் குரூஸ் விஷயத்தில் எனக்குக் கவலை உண்டு. 2013இல் ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்த்து செனட்டில் 21 மணி நேரம் நின்று பேசினார். அதன்பின் அரசு அலுவலகங்கள் 16 நாள் மூடிக் கிடந்தன. காப்பீட்டுச் சட்டம் அப்படியே இருந்தது. என் பக்கத்து வீட்டுக்காரர் மத்திய அரசு ஊழியர், வீட்டுக் கடன் கட்ட வேண்டிய வாரம் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். சக செனட்டர்களில் இவருக்குத் துணை நிற்பவர்கள் மிகக் குறைவு. ரீகன் எதிரணியையும் பேசி வசப்படுத்தியவர். பையனிடம் இதையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவனே முடிவெடுக்கட்டும்.

---

ஆங்கெனி அப்பா | மார்ச் 27

மூவருக்கும் மிக்க நன்றி. அக்கா எழுதியதை மகனுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அவனுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. விவசாய மாநாட்டுப் பேச்சையும் சேர்ந்து பார்த்தோம். நம் தெருவிலேயே எத்தனால் ஆலையில் வேலை செய்கிறவர் வீடு இருக்கிறது, அவர் கதவை எப்படித் தட்டுவது என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

ஒரு சிறு சந்தேகம். என் மைத்துனர் வேலை விசாவில் இருக்கிறார். மகன் கேட்டான் என்பதற்காக 50 டாலர் கொடுக்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

---

டாலஸ் வழக்கறிஞர் | மார்ச் 27

கூடவே கூடாது. குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மட்டுமே கொடுக்கலாம். உங்கள் வழியாகக் கொடுத்தாலும் குற்றம்தான். அடுத்தவர் பணத்தை நம் பெயரில் கொடுப்பதைச் சட்டம் தனியாகவே தடுக்கிறது. சம்பளம் வாங்காமல் உடலுழைப்பாக உதவத் தடையில்லை.

---

ஏம்ஸ் அக்கா | மார்ச் 27

ராலே அண்ணா சொன்னதுதான் எனக்கும் மனக்குறை. பிடிக்காதவை உண்டு என்றேனே, இதுதான். நிற்கத் தெரிந்தவருக்கு நான்கு பேரைக் கூட நிறுத்தவும் தெரிய வேண்டும். ஒரு கவுண்டித் தலைவரோடு எப்படிப் பேசுகிறார் என்பதை அவர் நம் பக்கம் வரும்போது நேரில் பார்த்துவிட்டுத்தான் நான் முடிவு செய்வேன். பிப்ரவரியில் சீட்டில் யார் பெயரை எழுதுவேன் என்று இன்றைக்கு எனக்கே தெரியாது.

தம்பி, எத்தனால் ஆலைக்காரர் வீட்டைத் தள்ளிப்போட வேண்டாம், அந்த வீட்டுக்கே முதலில் போகச் சொல்லுங்கள். அவர் பேசுவதை முழுவதும் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால், கேட்டுக்கொண்டு மறுபடி வருகிறேன் என்று சொல்லட்டும். சொன்னபடி மறுபடி போகட்டும்.

அடுத்த பிப்ரவரியில் உங்கள் வட்டத்துக் காகஸுக்குப் போகும்போது இரவு உணவை முடித்துவிட்டுப் போங்கள். முடிவைப் படித்த பிறகு எழுந்திருக்காதீர்கள். பிரதிநிதிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்பார்கள். கை தூக்குங்கள். மார்ச்சில் ஒரு சனிக்கிழமை முழுவதும் போய்விடும், அதற்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

---

ஆங்கெனி அப்பா | மார்ச் 28

நேற்றிரவு மகன் காலண்டரை எடுத்துப் பார்த்தான். 2016 பிப்ரவரி 1 திங்கட்கிழமை. மறுநாள் பள்ளி உண்டு. கூட்டம் முடிய எத்தனை மணி ஆகும் என்று கேட்டான். பத்து ஆகலாம் என்றேன். "அப்படியென்றால் நீங்களும் கடைசிவரை இருக்க வேண்டும், கார் ஓட்ட ஆள் வேண்டும்" என்றான். சரி என்று சொல்லியிருக்கிறேன்.